கிளினிக்கல் சைக்காலஜியும் ஃபாரன்சிக் சைக்காலஜியும்: டெல்டா பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். மனநலச் சிகிச்சைக்கான கிளினிக்கல் சைக்காலஜியையும், குற்றம், நீதிமன்றம் சார்ந்த ஃபாரன்சிக் சைக்காலஜியையும் எப்படிப் படிப்பது என்பதுதான் கேள்வி. நான் தஞ்சாவூரில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, வேதாரண்யம் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு நான் அக்கா, பெற்றோருக்கு மேடம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டு, பதிலை மட்டும் எழுதியிருக்கிறேன்.

அக்கா, சைக்காலஜி படிக்க நீட் எழுதணுமா? பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கலாமா?

நீட் வேண்டாம். மருந்துச்சீட்டு எழுதுபவர் மனநல மருத்துவர். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் எம்.டி. சைக்கியாட்ரி படித்தவர், நீட் அந்த வழிக்குத்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதுவதில்லை. நோயாளியிடம் முறையாகப் பேசிப் பிரச்சினையைக் கணிப்பது, சோதனைகள் வைப்பது, பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை கொடுப்பது எங்கள் வேலை. நல்ல ஆஸ்பத்திரியில் இருவரும் ஒரே நோயாளியைச் சேர்ந்தே பார்ப்பார்கள்.

பிஎச்.டி. முடித்தவர் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம். போட்ட மறுநாளே தெருவில் ஒருவர் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்பார், அதற்கும் தயாராக இருங்கள்.

பிளஸ் டூவில எந்த குரூப் எடுத்திருக்கணும்?

பெரும்பாலான கல்லூரிகளில் எந்த குரூப் என்றாலும் இளநிலை சைக்காலஜியில் சேரலாம். பயாலஜி படித்திருந்தால் மூளை, நரம்பு பற்றிய பாடம் கைகொடுக்கும். எல்லோரையும் படுத்தும் பாடம் புள்ளியியல். 'கணக்கு வராது, அதனால் சைக்காலஜி' என்று வருபவர்கள் முதல் வருடமே முழிக்கிறார்கள்.

நம்ம பக்கத்திலேயே படிக்க முடியுமா? சென்னைக்கு அனுப்ப வசதி இல்ல மேடம்.

முதுநிலை வரை முடியும். திருவாரூர் பக்கம் நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பயன்முறை உளவியல் துறை உண்டு. முதுநிலைக்கு க்யூட் என்கிற பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் தாங்கக்கூடியது. ஆனால் நம் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒரு தேர்வு இருப்பதே விண்ணப்பத் தேதி முடிந்த பிறகுதான் தெரிகிறது. கொள்ளிடத்தைத் தாண்டினால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அங்கும் உளவியல் துறை இருக்கிறது. மயிலாடுதுறைப் பிள்ளைகள் ரயிலில் தினமும் போய்வரும் தூரம்தான்.

முதுநிலைக்குப் பிறகு வரும் சிகிச்சைப் பயிற்சிக்கு மட்டும் பெரும்பாலும் வெளியூர்தான். அதற்கு வீட்டை இப்போதிருந்தே தயார் செய்யுங்கள்.

அஞ்சல் வழியில படிச்சா ஆகாதா?

முன்பு நிறையப் பேர் அப்படித்தான் எம்.எஸ்ஸி. சைக்காலஜி வாங்கினார்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ புதிதாக நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கான 2021ஆம் வருடச் சட்டத்தின் வரம்புக்குள் சைக்காலஜியும் வந்ததுதான் காரணம். இன்னமும் 'வீட்டிலிருந்தே எம்.எஸ்ஸி. சைக்காலஜி' என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

என்னைக் கேட்டால் இது நல்ல முடிவு. எதிரில் ஒரு நோயாளி உட்காராமல் இந்தப் படிப்பைப் படிப்பதில் அர்த்தமில்லை. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே படித்த பெண்களுக்கு இருந்த ஒரே கதவும் இதனால் அடைபட்டது. அதற்கு மாற்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

எம்.எஸ்ஸி. முடிச்சாலே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்தானே? போர்டு மாட்டிக்கலாமா?

கூடாது. டெல்டாவில் பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான்.

இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். ஆர்.சி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1992இல் வந்த சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு. அது அங்கீகரித்த இடத்தில், அங்கீகரித்த படிப்பை முடித்தால் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறும், ஒரு எண் கிடைக்கும். எங்கள் தொழிலில் அந்த எண்தான் உரிமம். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்பதை இந்தத் தகுதியை வைத்தே சொல்கிறது.

நெடுங்காலமாக அந்தப் படிப்பு இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. சைக்காலஜியில் 55 சதவீதம் கேட்பார்கள், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்கிற தேசிய மனநல நிறுவனத்தில் இந்தப் பயிற்சி 1955லேயே தொடங்கியது. சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் உண்டு. அரசு நிறுவனங்களில் உதவித்தொகையும் தருவார்கள். தனியாரில் நாம்தான் லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். எந்த இடத்திலும் சீட் மிகக் குறைவு. முதல் தடவையிலேயே கிடைத்தவர்கள் என் வகுப்பிலேயே கொஞ்சம் பேர்தான்.

புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில்.லை எல்லாப் பாடங்களுக்கும் எடுத்துவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை யு.ஜி.சி. விலக்கு கொடுத்தது. இதற்கிடையில் நான்கு வருட பி.எஸ்ஸி. ஆனர்ஸ், எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி, சை.டி. எனப்படும் உளவியல் முனைவர் பட்டம் என்று ஆர்.சி.ஐ. புதிய பாடத்திட்டங்களைக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே அண்ணன் போன வழியில் தம்பி போக முடியும் என்று நினைக்க வேண்டாம். சேரும் வருடத்தில் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் இருக்கும் பட்டியல்தான் கணக்கு. கல்லூரியின் பிளெக்ஸ் போர்டில் 'ஆர்.சி.ஐ. அப்ரூவ்டு' என்று இருப்பதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த அனுமதி பக்கத்து அறையில் நடக்கும் சிறப்புக் கல்வி பி.எட்.டுக்காகவும் இருக்கலாம்.

எனக்கு ஃபாரன்சிக் சைக்காலஜிதான் வேணும் அக்கா. நேரா அதையே படிக்க முடியாதா?

படிக்கலாம். குஜராத் காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. குஜராத் அரசு 2009இல் தொடங்கியதை 2020இல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு தேசிய அளவுக்கு உயர்த்தினார்கள். அங்கே ஃபாரன்சிக் சைக்காலஜியில் முதுநிலை உண்டு. வேறு சில தனியார் பல்கலைக்கழகங்களும் இதே பெயரில் பட்டம் தருகின்றன.

சிக்கல் பட்டத்துக்கு அப்புறம்தான் வருகிறது. ஃபாரன்சிக் சைக்காலஜிஸ்ட் என்று இந்தியாவில் தனி உரிமம் கிடையாது. தடய அறிவியல் கூடங்களில் பணியிடங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஒருவருக்கு மனநோய் இருக்கிறதா என்று நீதிமன்றம் கேட்டால், சட்டம் கைகாட்டுவது மனநல மருத்துவரை அல்லது கிளினிக்கல் சைக்காலஜிஸ்டை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 328ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 367ஆம் பிரிவு. ஆகவே என் யோசனை எப்போதும் ஒன்றுதான்: கிளினிக்கலில் உரிமம் வாங்கிவிட்டு ஃபாரன்சிக்குக்குப் போங்கள். ஃபாரன்சிக் பட்டம் மட்டும் கையில் இருந்தால் கோர்ட் வாசல் வரை போகலாம், கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வது கஷ்டம்.

குற்றவாளியோட கண்ணைப் பார்த்தே பொய் சொல்றானான்னு சொல்லிடுவீங்களாமே?

அது நெட்டில் வரும் சீரியல். கண், மூக்கு, கை அசைவை வைத்துப் பொய்யைப் பிடிப்பதில் பயிற்சி பெற்றவர்கள்கூட காசு சுண்டுவதைவிடப் பெரிதாகத் தேறுவதில்லை என்றுதான் ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

பொய் கண்டறியும் கருவி, மயக்க ஊசி போட்டு விசாரிப்பது, மூளை வரைபடம் ஆகிய மூன்றையும் பற்றி உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சம்மதம் இல்லாமல் யாருக்கும் இவற்றைச் செய்யக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவுக்கு அது எதிரானது. சம்மதித்துச் செய்தாலும் அந்த முடிவு மட்டுமே சாட்சியம் ஆகாது. இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் ஃபாரன்சிக் சைக்காலஜி படிக்க வருபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அப்ப நிஜத்துல என்னதான் வேலை?

ஓர் உதாரணம் சொல்கிறேன். பதினாறு வயது முடிந்து பதினெட்டு ஆகாத பையன் ஒரு கொடுங்குற்ற வழக்கில் மாட்டுகிறான். கொடுங்குற்றம் என்றால் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடம் அல்லது அதற்கு மேல் உள்ளது. அவனைச் சிறுவனாக வைத்து விசாரிப்பதா, பெரியவர்களைப் போல விசாரிப்பதா? 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி இளைஞர் நீதிக் குழுமம் முதலில் ஒரு பூர்வாங்க மதிப்பீடு செய்ய வேண்டும். அந்தச் செயலைச் செய்யும் உடல், மனத் திறன் அவனுக்கு இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு இருந்தானா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்பவை கேள்விகள். மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். குழுமத்தில் குழந்தை உளவியல் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் உளவியலாளரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அப்படித்தான் வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் ஒரு பையன் நம் எதிரில் வந்து உட்காருவான். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், கால் விரலால் தரையைத் தேய்த்துக்கொண்டே. "என்னப்பா நடந்துச்சு?" என்று தொடங்கவே கூடாது. "தம்பி, நீ என்கிட்ட சொல்றதை நான் எழுதி ஐயாகிட்ட கொடுப்பேன். உனக்குச் சொல்ல இஷ்டமில்லாததைச் சொல்ல வேண்டாம்" என்பதுதான் முதல் வாக்கியம். கிளினிக்கில் எதிரில் இருப்பவர் நம் நோயாளி. அவர் சொன்னது நம்மோடு இருக்கும். இங்கே அறிக்கை கேட்டது குழுமம். இந்த இரண்டையும் கலந்துகொள்பவர் எவ்வளவு படித்திருந்தாலும் இந்த வேலைக்கு ஆக மாட்டார். அவன் குற்றத்தைச் செய்தானா என்று கண்டுபிடிப்பதும் நம் வேலை இல்லை. பூர்வாங்க மதிப்பீடு விசாரணை அல்ல என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

பள்ளிக்கூடம் எப்போது நின்றது, யாரோடு சுற்றுவான், தூக்கம், சாப்பாடு, போதைப் பழக்கம் என்று கேட்டுக்கொண்டே போவோம். அறிவுத்திறன் சோதனை வைப்போம். நடுவில் "அண்ணன் வண்டில ஏறுன்னாங்க, ஏறிட்டேன்" என்பான். அந்த ஒரு வரியை அப்படியே அவன் வார்த்தையில் எழுத வேண்டும். 'சகாக்களின் தாக்கத்துக்கு உட்பட்டவர்' என்று நம் பாஷைக்கு மாற்றினால் பையன் காணாமல் போய்விடுவான்.

பெரியவர்கள் வழக்கில் அடிக்கடி வருவது மனநிலை பிறழ்ந்த நிலையில் செய்த குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு. ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் போதும், விடுதலை என்று ஊரில் நினைக்கிறார்கள். நோய் இருந்தது என்பது போதாது. அந்த நேரத்தில் தான் செய்வது இன்னதென்றோ, அது தப்பென்றோ அறிய முடியாத நிலையில் இருந்தார் என்று காட்ட வேண்டும். பல மாதம் முன்பு ஒரு நாள் ஒருவர் மனம் எப்படி இருந்தது என்பதைப் பழைய சீட்டு, குடும்பத்தார் பேச்சு, பக்கத்துக் கடைக்காரர் பார்த்தது ஆகியவற்றிலிருந்து கட்டியெழுப்புவது லேசான காரியம் இல்லை. நடிப்பவர்களும் வருவார்கள்.

பயிற்சின்னா ஆஸ்பத்திரியில என்ன செய்யச் சொல்வாங்க?

முதலில் உங்களைக் கவர்ந்த கொலை, கொள்ளை எதுவும் வராது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வரும் குழந்தைகள் வருவார்கள். முத்துப்பேட்டையிலிருந்து காலை முதல் பஸ் பிடித்து, தூக்குச்சட்டியில் சாப்பாட்டோடு ஒரு அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார். மேசையில் செகுவின் பலகையை வைப்போம். வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பத்து மரத் துண்டுகள். அந்தந்தப் பள்ளத்தில் பொருத்த வேண்டும். மூன்று தடவை, ஸ்டாப்வாட்ச் வைத்து. குழந்தை நட்சத்திரத்தைச் சதுரத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கும். அம்மாவின் கை தானாக நீளும். "வேணாம்மா, அவனே வைக்கட்டும்" என்று தடுக்க வேண்டும். நாம் எழுதும் அறிவுத்திறன் எண்ணை வைத்துத்தான் அந்த வீட்டுக்கு மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை வருமா வராதா என்று முடிவாகும். அதனால் எண் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்தச் சோதனையைச் சலிப்பான வேலை என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வேறு படிப்புக்குப் போங்கள்.

அடுத்து விஷம் குடித்துப் பிழைத்தவர்கள். வயல் சூழ்ந்த மாவட்டத்தில் பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குடும்பம் முதலில் கேட்பது "போலீஸ் கேஸ் ஆயிடுமா?" என்பது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. இதை வார்டில் நின்று அவர்கள் பாஷையில் புரியவைப்பதும் பயிற்சிதான். அந்தப் பயம் போன பிறகுதான் உண்மையான காரணத்தைப் பேசுவார்கள்.

நம்ம ஊர்ல குணசீலத்துக்கும் நாகூருக்கும்தானே கூட்டிட்டுப் போறாங்க. சைக்காலஜிஸ்ட்கிட்ட யாரு வருவா?

இரண்டு பக்கமும் வருகிறார்கள். திருச்சியிலிருந்து முசிறி போகும் வழியில் காவிரிக் கரையில் குணசீலம். பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைப்பார்கள், பூஜை நேரத்தில் முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். அங்கே தங்கிவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு, என்னிடம் வந்துகொண்டே அங்கும் போனவர்கள் உண்டு. "சாமிகிட்டப் போகாதே" என்று சொல்கிற சைக்காலஜிஸ்ட்டை நம் மக்கள் அடுத்த தடவை பார்க்க வர மாட்டார்கள். நான் கேட்பது இரண்டுதான்: மாத்திரையை நிறுத்தாதீர்கள், சங்கிலி போடாதீர்கள்.

இரண்டாவதில் விட்டுக்கொடுக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிக்கிடந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் எரிந்தார்கள்; 28 பேர் செத்தார்கள். எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவது இப்போது சட்டப்படி குற்றம்.

பொண்ணை ஜெயிலுக்கும் கோர்ட்டுக்கும் அனுப்ப மனசு வரல மேடம்.

திருச்சியில் மத்தியச் சிறையும் பெண்கள் தனிச் சிறையும் இருக்கின்றன. உள்ளே யாரும் உங்கள் பெண்ணைத் தனியாகக் கைதிகளோடு விட்டுவிட மாட்டார்கள். எந்த அறை, யார் காவல், எந்த நேரம் என்று எல்லாம் எழுதிக் கையெழுத்தான பிறகுதான் சந்திப்பு. நேர்மையாகச் சொன்னால் டெல்டாவில் பெண் சைக்காலஜிஸ்ட்டுகளுக்கு அதிகத் தொல்லை ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் செய்யும் வெளியாட்களிடமிருந்துதான். வேலைக்குத் தனி நம்பர் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படிச்சு முடிச்சா வேலை இருக்கா?

இருக்கிறது, ஆனால் நிரந்தரமாக இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் சைக்காலஜிஸ்ட் பணியிடம் உண்டு. பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், போதை மீட்பு மையங்கள், சிறப்புப் பள்ளிகள், குடும்ப நீதிமன்றம் என்று பல இடங்களில் ஆள் தேவை. காலையில் ஓர் இடம், மாலையில் சொந்த கிளினிக் என்றுதான் பலரும் ஓட்டுகிறோம். முதல் சில வருடம் வீட்டின் ஆதரவு வேண்டும்.

தேவை இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. 2004 ஒரே வருடம்: ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள், டிசம்பர் 26இல் சுனாமியில் நாகப்பட்டினம் கரையில் ஆயிரக்கணக்கானவர்கள். நிம்ஹான்ஸிலிருந்து குழுக்கள் வந்து உள்ளூர்ப் பெண்களையும் இளைஞர்களையும் பயிற்றுவித்துத்தான் மீனவக் கிராமங்களில் பேச அனுப்பினார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரை கடந்தபோதும் தென்னை போனவர்களிடம் பேச ஆள் போதவில்லை.

லண்டன்ல ஒரு வருஷ எம்.எஸ்ஸி. ஃபாரன்சிக் சைக்காலஜி இருக்காம். ஏஜென்ட் சொல்றாரு.

இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஃபாரன்சிக் சைக்காலஜிஸ்ட் இரண்டும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பட்டங்கள். எச்.சி.பி.சி. என்கிற அந்நாட்டுப் பதிவு அமைப்பின் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் போட்டுக்கொள்ளலாம். கிளினிக்கலுக்கு அங்கே மூன்று வருட முனைவர் பயிற்சி. ஃபாரன்சிக்குக்கு அந்த ஒரு வருடம் முதல் படி மட்டுமே, பிறகு பல வருட மேற்பார்வைப் பயிற்சி. திரும்பி வந்தால் இங்கே ஆர்.சி.ஐ. அதை ஏற்க வேண்டும். இதையெல்லாம் ஏஜென்ட் சொன்னாரா என்று கேளுங்கள். நிலத்தை அடகு வைத்து அந்த ஒரு வருடத்துக்கு அனுப்புவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எனக்கே மனசு சரியில்ல அக்கா, அதான் படிக்கணும்னு தோணுது.

அப்படி வருபவர்கள் நிறைய, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் படிப்பு சிகிச்சை ஆகாது. முதலில் உங்களுக்கான உதவியை வாங்குங்கள். டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண் 14416 இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். தேறிய பிறகும் ஆசை இருந்தால் வாருங்கள்.

கடைசியா, காலேஜ்ல போய் என்ன கேட்கணும்?

சிகிச்சைப் பயிற்சிப் படிப்பு என்றால் இந்த வருடத்துக்கான ஆர்.சி.ஐ. அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். படிப்பின் பெயரும் சீட் எண்ணிக்கையும் அதில் இருக்கும். பாடம் எடுப்பவர்களின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எந்த ஆஸ்பத்திரியில், வாரத்தில் எத்தனை நாள் வார்டு என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி பெயர் சொல்லாமல் 'டை-அப் இருக்கு' என்று மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.